நரம்பு நோயும் அணிகருவியும்

மனிதனது உடலிலே மருத்துவன் முதன்முதற் கைவைத்துப் பார்க்கும் இடம் மணிக்கட்டு. நம் நாட்டுச் சித்த மருத்துவர் மூன்று விரல்களை அங்கு வைத்து, வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்று நாடிகளின் நடையை ஆராய்ந்தனர். மேனாட்டு மருத்துவரும் நோயாளியின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு கடிகாரத்தை நோக்கினர். தாய்மாரோ, பிள்ளைகட்கு நோய் வந்தபோது அதே கையிலே தாயத்தையும் மந்திரித்த கயிற்றையும் கட்டினர். இங்ஙனம் அறிவும் அச்சமும் ஒருங்கே நாடிய அவ்விடத்தை இன்று ஒரு புதுக்கருவி பற்றிக்கொண்டிருக்கின்றது. தோற்றத்தில் அது கைக்கடிகாரத்தை ஒக்கும். தொழிலிலோ, அணிந்தவரது அசைவையும் நாடித்துடிப்பையும் வியர்வையையும் உறக்கத்தையும் இராப்பகலாக அளந்து குறித்து வைக்கும். அணிகருவி என்று அதனை வழங்குவோம். இக்கருவி நரம்பு நோயாளர்க்குச் செய்யவல்லது யாது, செய்யவொண்ணாதது யாது, நாம் அதனை எவ்வாறு ஏற்றுக்கோடல் தகும் என்பவற்றைக் குறித்து எனக்குப் பட்ட கருத்தை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயில்வார்க்கு இப்பொருளிற் புகுதற்கு என்ன உரிமை என்று வினவுவாரும் உளராகலாம். மருந்தென்று ஓர் அதிகாரமே வகுத்தவர் நம் வள்ளுவர். திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய அதனுள், நோயுற்றவனது நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் கருதியே மருத்துவன் தொழில் புரிதல் வேண்டும் என்றார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணும் உழைச்செல்வான் ஆகிய நால்வகைப் பகுதியும் கூடியதே மருத்துவம் என்று அவ்வதிகாரத்தை முடித்தார். இவ்விரு கருத்துக்களையும் உரைகல்லாகக் கொண்டு இப்புதுக்கருவியை உரைத்துப் பார்த்தல் தமிழ் மாணவர்க்குப் புறம்பான செயலன்று.

நோய்களுட் பல, மருத்துவன் வரும்வரை காத்திருக்கும். ஒடிந்த எலும்பு ஒடிந்தபடியே கிடக்கும். கட்டி வீங்கியபடியே நிற்கும். காய்ச்சற்காரனது உடம்பு தொட்டாரைச் சுடும். நரம்பு நோய்களிற் சில அங்ஙனம் காத்திருப்பன அல்ல. வலிப்பு நோய் இரவில் வரும் கள்வனைப் போன்றது. ஓரிரு நிமிடம் உடலை விறைக்கச்செய்து, உதறி, உணர்வை மறைத்துப் பின் தானே அகன்றுவிடும். மறுநாள் மருத்துவன் முன் அமர்ந்திருப்பவன் நம்மை ஒத்த நல்லுடம்பினன். அவனிடத்து நோயின் தடம் ஏதும் காணப்படாது. வந்ததும் தெரியாது சென்றதும் தெரியாத இத்தன்மையினாலேயே பழங்காலத்தார் இதனைத் தெய்வத்தின் செயல் என்றும் பேயின் செயல் என்றும் அஞ்சினர். தமிழ்நாட்டார் இதற்கு முயலகன் என்று பெயரிட்டனர். கொல்லிமழவன் மகளுக்கு உற்ற முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் பாச்சிலாச்சிராமத்திலே தீர்த்தருளினார் என்று பெரியபுராணம் கூறும். நம் தமிழ் வேதாகமமோ இந்நோயாளரைச் சந்திரரோகிகள் என்று குறிக்கின்றது. திங்களின் வளர்ச்சி தேய்வுகளோடு இந்நோயைத் தொடர்புறுத்திய பண்டைக் கொள்கை அப்பெயரிலே உறைந்து நிற்கக் காண்கிறோம். கிரேக்க நாட்டில் ஹிப்பாக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்று, ஏறத்தாழ 2400 ஆண்டுகட்கு முன்பே, இது பிற நோய்களினும் தெய்வத்தன்மை மிக்கதன்று என்றும், மூளையிற் பிறப்பது என்றும் துணிந்து கூறிற்று. எனினும் அச்சம் அறிவினும் நெடுங்காலம் வாழ்வது.

மாற்கு எழுதின சுவிசேஷத்தின் 9-ஆம் அதிகாரத்தில் ஒரு தந்தை வருகின்றான். கீழே விழுந்து நுரைதள்ளி விறைத்துப்போகும் தன் மகனை அவன் இயேசுவினிடத்துக் கொணர்கின்றான். அவ்விடத்தில் நம் ஆண்டவர் அத்தந்தையை நோக்கிக் கேட்ட வினா, இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று என்பது. சிறு பிராயமுதல் உண்டென்றும், தீயிலும் தண்ணீரிலும் பலமுறை வீழ்ந்தான் என்றும் தந்தை விடை கூறினான். இக்காலத்து நரம்பியல் மருத்துவரும் இவ்வினாவையே தந்தைமாரை நோக்கி வினவுகின்றனர். எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, எந்தக் கை முதலில் உதறிற்று, எத்தனை முறை வந்தது என்பவற்றைக் கொண்டே மருந்தும் அதன் அளவும் துணியப்படுகின்றன. ஆகவே வலிப்பு நோயில் மருத்துவத்தின் முதற்கருவி ஒரு கண்கண்ட சாட்சியே எனலாம்.

அச்சாட்சி இல்லாத இடத்து என் செய்வது? நோயாளியே கூறலாகாதோ எனின், உணர்வு இழந்தவன் தான் இழந்ததை எங்ஙனம் கூறுவன்? 2007-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டுப் பான் நகரத்து ஆராய்ச்சியாளர், மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்கப்பட்ட 91 நோயாளரைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். கருவிகள் பதிவு செய்த வலிப்புக்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றை அந்நோயாளர் குறித்துவைத்திலர். உறக்கத்தில் நேர்ந்தவற்றுள் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டன குறிப்பில் ஏறாமலே போயின. நோயாளர் பொய் கூறினர் என்பது இதன் பொருளன்று. நோயே அவர் நினைவைத் துடைத்துச் சென்றது என்பதாம். ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் பெர்கர் என்பார் 1924-ஆம் ஆண்டில் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதற் பதிவு செய்து 1929-இல் வெளியிட்டதுமுதல், மூளையின் மொழியை ஏட்டில் எழுதும் வழி பிறந்தது. ஆயினும் மருத்துவமனையில் அரைமணிப்போது எடுக்கும் அவ்வரைவில், அவ்வேளையில் வராத வலிப்பு எங்ஙனம் அகப்படும்? வலையை விரித்த வேளையில் மீன் வருதல் வேண்டுமே.

இக்குறையை நிரப்பவே அணிகருவி தோன்றியது. அதன் உள்ளமைப்பு அறிதற்கு அரிதன்று. கை எத்திசையில் எவ்வளவு விரைந்து அசைகின்றது என்பதை அளக்கும் முடுக்கமானி அதனுள் ஒன்று. பெருவலிப்பில் உண்டாகும் உதறல், நடத்தல், பல் துலக்கல் முதலிய அசைவுகளினின்றும் வேறான தாளம் உடையது. அத்தாளத்தைக் கருவி இனங்காண முயலும். இரண்டாவது, தோலின் வழியே மிக நுண்ணிய மின்னோட்டத்தைச் செலுத்தி, தோல் அதனை எவ்வளவு கடத்துகின்றது என்று அளக்கும் உறுப்பு. வியர்வைச் சுரப்பிகளை இயக்குவன பரிவு நரம்புகள். பெருவலிப்பின்போது மூளையில் எழும் புயல் அந்நரம்புகளையும் அலைத்தலால், வியர்வை பெருகித் தோலின் கடத்துதிறன் திடீரென உயரும். இவ்விரு குறிகளும் ஒருங்கே தோன்றின், கருவி கைப்பேசிக்குச் செய்தி விடுக்க, கைப்பேசி உற்றாரை அழைக்கும்.

இவ்வறிவு கிடைத்த வரலாறும் சுவையுடையது. அமெரிக்க நாட்டு மாஸசூஸட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ராஸலிண்ட் பிக்கார்ட் அம்மையார் முதலில் ஆராய்ந்தது மனித உணர்ச்சிகளை. அவரிடம் பயின்ற மாணவர் ஒருவர், பேச இயலாத தம் இளைய தம்பியின் மனக்கலக்கத்தை அறியும்பொருட்டு, ஆய்வுக்கூடத்துக் கருவிகளை விடுமுறையில் இரவல் பெற்றுச்சென்று அவன் இரு கைகளிலும் அணிவித்தார். பதிவுகளை நோக்கிய அம்மையார், ஒரு கையின் பதிவு மட்டும் மலைபோல் உயர்ந்து நிற்றலைக் கண்டு, கருவி பழுதுற்றது போலும் என்று முதலில் ஐயுற்றார். விசாரித்தபோது அவ்வேளையை ஒட்டியே அச்சிறுவனுக்கு வலிப்பு வந்தது தெரிந்தது. அப்பொறி பற்றி எழுந்த ஆராய்ச்சியை அவர் குழுவினர் 2012-இல் வெளியிட்டனர். அதன் பயனாகிய மணிக்கட்டுக் கருவிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் ஒப்புதல் அளித்தது. அவ்வாண்டிலேயே ஹாலந்து நாட்டார், மேற்கையில் அணிந்து நாடித்துடிப்பையும் அசைவையும் அளக்கும் ஒரு கருவியை 28 நோயாளரிடம் இரவுதோறும் சோதித்து, கொடிய வலிப்புக்களில் நூற்றுக்கு 85-ஐ அது கண்டுகொண்டது என்றும், படுக்கையின்கீழ் வைக்கும் பழைய கருவி 21-ஐ மட்டுமே கண்டது என்றும் அறிவித்தனர்.

ஓரிரு நிமிடத்தில் தானே நீங்கும் வலிப்புக்கு இத்துணை ஆரவாரம் எதற்கு எனின், எல்லா வலிப்பும் தானே நீங்குவதில்லை. வலிப்பு நோயாளருள் ஆண்டுதோறும் வயது வந்தோரில் ஆயிரத்தில் ஒருவர், வேறு காரணம் காணவியலாத திடீர் மரணம் அடைகின்றனர் என்று 2017-இல் அமெரிக்க நரம்பியற் கழகத்தார் கணக்கிட்டனர். இம்மரணங்களிற் பெரும்பாலன இரவில், அருகில் யாரும் இல்லாத வேளையில் நேர்வன. 2020-இல் வெளிவந்த ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சி ஒன்று, தனியே வாழும் நோயாளர்க்கு இவ்வபாயம் ஏறத்தாழ 5 மடங்கு மிகுதி என்று காட்டிற்று. இதனை நாம் ஊன்றி நோக்கல் வேண்டும். கவிழ்ந்து கிடப்பவனைப் புரட்டி ஒருபுறமாய்ச் சாய்த்துவிடவும், தலையணையினின்று முகத்தை விடுவிக்கவும், பெயர் சொல்லி அழைக்கவும் ஒருவர் இருந்தால், மூச்சு மீளும் வாய்ப்பு மிகும். அடுத்த அறையில் உறங்கும் தாயை எழுப்பும் ஒரு மணியோசை, ஓர் உயிரின் விலையாகலாம். அணிகருவியை வரவேற்றற்கு இஃதொன்றே எனக்குப் போதிய காரணமாகத் தோன்றுகின்றது.

இனி நடுக்குவாதத்தை நோக்குவோம். லண்டன் மாநகரத்து மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்நோயைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அதிற் கூறப்பட்டோர் அறுவர். அவருட் சிலரை அவர் தெருவிலே நடந்து செல்லக் கண்டாரேயன்றித் தம் மருத்துவசாலையில் வைத்துச் சோதித்தாரல்லர். கூனிய முதுகும், குறுகிய அடியும், ஓயாது நடுங்கும் கையும் தெருவிலே அவருக்குப் பாடமாயின. அதன்பின் மருத்துவம் வளர்ந்து, தெருவை விட்டு அறைக்குட் புகுந்தது. இன்று நோயாளி சில திங்களுக்கு ஒருமுறை மருத்துவர் அறையிற் காற்பொழுது அமர்கின்றார். அவர் உண்ணும் லெவோடோபா என்னும் மருந்தோ, நாளொன்றில் பலமுறை ஏறி இறங்கும் இயல்பினது. மருந்து ஏறிய வேளையில் நன்கு நடப்பார்; இறங்கிய வேளையில் நாற்காலியினின்று எழவும் மாட்டார்; மிகுந்த வேளையில் உடல் தன்வயமின்றி நெளியும். அக்காற்பொழுதில் மருத்துவர் கண்டது எந்த வேளையின் உருவம்? ஆஸ்திரேலிய நாட்டு மெல்பர்னில் தோன்றிய ஒரு மணிக்கட்டுக் கருவி, ஆறு நாள் தொடர்ந்து அணியப்பட்டு, அசைவின் மந்தத்தையும் நெளிவையும் வேளைதோறும் வரைந்து காட்டுகின்றது. மருந்துண்ணும் வேளை வந்தவுடன் அதிர்ந்து நினைவூட்டுவதும், உண்டதை நோயாளி விரல் வைத்து உணர்த்தியவுடன் குறித்துக்கொள்வதும் அதன் தொழில். இத்தகைய கருவிகள் ஐந்தினை 2023-இல் இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வு மேன்மைக் கழகம் தன் மருத்துவர்க்குப் பரிந்துரைத்தது. பார்க்கின்சன் தெருவிற் கண்டதை அணிகருவி மீண்டும் தெருவிலே காண்கின்றது என்று கூறின் மிகையாகாது. வள்ளுவர் மருத்துவனைக் கருதச் சொன்னவற்றுள் அளவும் காலமும் ஆகிய இரண்டையும் இதனினும் நுட்பமாக நமக்குத் தந்த பொருள் இதற்குமுன் இருந்ததில்லை.

தசைநலியும் சிறுவர்க்கும் இது பயன்படுகின்றது. டுஷேன் நோய் என்னும் தசைச்சிதைவு உற்ற சிறுவரைத் தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு மருந்தின் பயனை அளத்தல் பழைய வழி. அன்றைய களைப்பும் அச்சமும் அவ்வளவையைத் திரிக்கும். கணுக்காலில் அணிந்த கருவி, வீட்டிலும் பள்ளியிலும் அச்சிறுவன் எடுத்துவைக்கும் அடிகளுள் விரைந்தவற்றின் வேகத்தைக் கணக்கிடுகின்றது. அவ்வளவையை ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் துணையளவையாகவும் 2023-இல் முதலளவையாகவும் ஏற்றுக்கொண்டது.

இத்துணை நன்மை கூறியபின், தடைகளையும் எடுத்து விடை கூறுதல் கடனாகும். முதற்றடை, கருவி பொய்யுரைக்கும் என்பது. பல் துலக்குவதையும் கைதட்டுவதையும் வலிப்பென்று எண்ணி அது கூவுவதுண்டு. மெய்யான வலிப்பை விட்டுவிடுவதும் உண்டு. உடல் உதறாது, சிறிதுநேரம் விழித்தபடியே உணர்வு மயங்கும் வலிப்புவகையும் உளது. அதனைக் காணும் ஆற்றல் மணிக்கட்டுக் கருவிக்கு மிகக் குறைவு. ஆதலின் வலிப்பு நோய்க்கான உலகக் கழகமும் நரம்பு மின்னியலார் உலகக் கழகமும் 2021-இற் கூடி வகுத்த நெறியில், உடல் முழுதும் உதறும் பெருவலிப்புக்கு மட்டும், அதிலும் ஓசை கேட்டு ஐந்து நிமிடத்துள் உதவி வரக்கூடிய இடத்தில், இக்கருவி தக்கது என்றனர். பிறவகை வலிப்புக்களுக்கு அவர் அப்போது பரிந்துரைத்திலர். இதனினின்று நாம் கொள்ளத்தக்க கருத்து யாது? கருவி ஒரு சாட்சி, நியாயாதிபதி அன்று. சாட்சியின் சொல்லைக் கேட்டு, குறுக்கு வினவி, பிற சான்றுகளோடு ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறுதல் மருத்துவர் கடன். கடையில் வாங்கிய கைக்கடிகாரம் காட்டும் ஓர் எண்ணைக் கண்டு மருந்தைக் கூட்டுதலும் குறைத்தலும் நிறுத்துதலும், சாட்சியையே நீதிபீடத்தில் ஏற்றுதலை ஒக்கும்.

இரண்டாவது தடை, அறிவே சிலபோது சுமையாகும் என்பது. பிரிட்டனில் 2013 முதல் 2016 வரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரு வாரம் மணிக்கட்டில் அசைவளக்கும் கருவி அணிந்தனர். அப்பதிவுகளை ஆராய்ந்த கார்டிஃப் பல்கலைக்கழகத்தார், நடுக்குவாதம் வெளிப்படுதற்கு ஏழாண்டு முன்னரே அதன் நிழல் நடையிற் படிந்திருத்தலை 2023-இல் வெளியிட்டனர். வியக்கத்தக்க அறிவுதான். ஆயினும் அந்நோயின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் காணப்படவில்லை. மருந்தில்லா நோயின் பெயரை ஏழாண்டு முன்னரே ஒருவன் செவியில் ஓதுதல் அருளோ, கொடுமையோ? ஆராய்ச்சியாளர்க்கு அவ்வறிவு இன்றியமையாதது. ஏனெனின் மூளையின் உயிரணுக்கள் பெரிதும் அழியுமுன் மருந்தைச் சோதித்தற்கு அதுவே வழி. ஆனால் தனிமனிதனுக்கு அதனை அறியவும் உரிமையுண்டு, அறியாதிருக்கவும் உரிமையுண்டு என்பதே என் துணிபு. உறக்கத்தையும் நடையையும் கணக்கிட வாங்கிய கடிகாரம், கேட்காத தீர்க்கதரிசனத்தை உரைக்கலாகாது.

மூன்றாவது, இச்சாட்சி எல்லாரையும் ஒரு கண்ணாற் காண்கின்றதோ என்னும் ஐயம். தோலில் ஒளியைச் செலுத்தி இரத்தத்தை அளக்கும் கருவிகள் பல உள. விரல்நுனியில் மாட்டி இரத்தத்தின் உயிர்வளியை அளக்கும் கருவியை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர், உயிர்வளி அபாயமாகக் குறைந்த நிலையை வெள்ளையரிடத்துத் தவறவிட்டதினும் கறுப்பரிடத்து ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாக அது தவறவிட்டது என்று 2020-இல் காட்டினர். கருந்தோலும் மாநிறமும் உடைய நம்மனோர் இச்செய்தியைக் கேட்டு வாளா இருத்தல் தகாது. மேனாட்டார் உடலிற் சோதித்த அளவைகளை அப்படியே கொள்ளாது, நம் மக்கள்மீது, நம் வெயிலிலும் வியர்வையிலும் சோதித்தபின்னரே இங்குப் பரப்புதல் வேண்டும்.

நான்காவது தடை எல்லாவற்றினும் நுண்ணியது. சாட்சி யாருக்குச் சாட்சி? நோயாளிக்கு உதவ எடுத்த குறிப்பு, அவனை வேலைக்கு வைப்பவர் கையிலும் காப்புறுதிக் கழகத்தார் கையிலும் பெண் கொடுப்பவர் கையிலும் சிக்கின், அதுவே அவனுக்கு எதிரான ஓலையாகும். நம் நாட்டு இந்துத் திருமணச் சட்டம் ஒருகாலத்தில், வலிப்பு நோய் அடிக்கடி வருபவரை மனநோயாளரோடு சேர்த்தெண்ணி மணத்துக்குத் தகுதியற்றவர் எனக் கருதிற்று. 1999-இலேதான் அச்சொல் சட்டத்தினின்று நீக்கப்பட்டது. சட்டத்தினின்று நீங்கிய சொல் சமுதாயத்தின் நெஞ்சினின்றும் நீங்கிவிட்டது என்று நெஞ்சறிய யார் கூறுவர்? மருந்தை மறைத்து உண்ணும் மணமகளும், நோயை மறைத்துத் தேர்வுக்குச் செல்லும் இளைஞனும் இந்நாட்டில் இன்னும் உளர். அவர் கையிலே பலர் நடுவே கூவும் கருவியைக் கட்டிவிட்டால், அது காவலனாகுமோ, காட்டிக்கொடுப்பவனாகுமோ? தனிமனிதரின் மின்னணுச் செய்திகளைக் காத்தற்கு இந்திய நாடாளுமன்றம் 2023-இல் ஒரு சட்டம் இயற்றியது. சட்டம் கதவுக்குத் தாழிடும். கூடத்தில் இருப்போரின் கண்ணுக்குத் தாழிட அதனால் இயலாது. நோயைக் குறித்த நாணம் நீங்கினாலன்றி, அணிகருவி அலமாரியிலேயே உறங்கும்.

ஐந்தாவது தடை வறுமை. உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் வலிப்பு நோயுற்றோர் என்றும், அவருள் நூற்றுக்கு 80 பேர் வருவாய் குறைந்த அல்லது நடுத்தர வருவாயுள்ள நாடுகளில் வாழ்வோர் என்றும், தக்க மருத்துவம் கிடைப்பின் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழக்கூடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. வருவாய் குறைந்த நாடுகளில் நோயாளருள் நான்கில் மூன்று பங்கினர்க்கு வேண்டிய மருத்துவம் கிடைப்பதில்லை. அதற்குரிய மருந்தோ, ஆண்டொன்றுக்கு 5 டாலர் அளவிலும் கிடைக்கக்கூடியது. 1912 முதல் வழங்கிவரும் பினோபார்பிட்டால் மாத்திரையே சென்று சேராத குடிசைக்குப் பல்லாயிரம் ரூபாய்க் கருவியைக் கொண்டுசெல்ல எண்ணுதல், கஞ்சிக்கு இல்லாதவனுக்குப் பன்னீர் தெளிப்பதாகும். ஆகவே மருந்து முன், கருவி பின் என்னும் ஒழுங்கை நான் வற்புறுத்துவேன்.

எனினும் விலை மிக்கது என்னும் காரணத்தால் கருவியைச் செல்வர்க்கே விட்டுவிடுதலும் நேரிதன்று. நூல் விலை மிக்கதாயிருந்த காலத்தில் நூலகங்கள் தோன்றின. ஒருவன் வாங்கவியலாததைப் பலர் மாறிமாறிப் பயின்றனர். நடுக்குவாதக் கருவி ஆறு நாளே அணியப்படுவதன்றோ? மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றும், நம் மிஷன் மருத்துவமனைகளும், இத்தகைய கருவிகள் சிலவற்றை வாங்கி, நூல் இரவல் தருவது போல நோயாளர்க்கு முறைவைத்துத் தரலாம். ஒரே கருவி ஓராண்டில் ஐம்பது நோயாளரின் வாழ்நாளை ஒரு வாரமேனும் மருத்துவர் கண்முன் நிறுத்தும். தனியே உறங்கும் வலிப்பு நோயாளர்க்கு மட்டும் நெடுங்கால இரவல் அளிக்கலாம். பெருந்தொகை வேண்டும் திட்டமன்று இது. மனம் வேண்டும் திட்டம்.

இத்துணையும் கூறியபின் எஞ்சுவது வள்ளுவர் கூறிய நான்காம் பகுதி. கருவி மருத்துவனாகாது, மருந்தாகாது என்று கண்டோம். உழைச்செல்வானாகுமோ? ஆகாது என்பதே என் முடிபு. அது கூவி அழைக்கும். ஓடிவர அதற்குக் கால் இல்லை. தலையைத் தாங்க அதற்குக் கை இல்லை. விழித்தெழுந்தவன் சுற்றியுள்ளோர் முகங்களைக் கண்டு நாணித் தலைகுனியும்போது, அஞ்சாதே என்று கூற அதற்கு நாவும் இல்லை. 2021-ஆம் ஆண்டு நெறி கூறிய ஐந்து நிமிடத்துள் வரும் உதவி என்பது யார்? அடுத்த கட்டிலில் உறங்குபவர், அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவர், வழியிற் செல்பவர். சுருங்கக் கூறின், நாம்.

ஆயின் நாம் ஆயத்தமாயுள்ளோமா? தெருவில் ஒருவர் வலிப்புற்று வீழ்ந்தால் நம் ஊரிலே முதலில் எழும் கூக்குரல், இரும்பைக் கொண்டுவா என்பது. சாவிக்கொத்தைக் கையிற் திணிப்பர். கரண்டியைப் பல்லிடையிற் செருகுவர். நால்வர் கைகால்களை அமுக்குவர். எஞ்சியோர் காற்று வாராது சூழ்ந்து நிற்பர். வலிப்பு தன் காலத்தில் தானே நிற்கும். இரும்பு நிறுத்திற்று என்று மகிழ்வர். இரும்பினால் எப்பயனும் இல்லை. வாயிற் செருகியதால் பல் உடைதலும் மூச்சு அடைத்தலும் நேரும். செய்யவேண்டியவை மிகச் சில. அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றுக. தலையின்கீழ் மெல்லிய துணியை மடித்து வைக்க. கழுத்திற் கட்டியவற்றைத் தளர்த்துக. உதறலை அமுக்கித் தடுக்காதிருக்க. வாயில் எதனையும் இடாதிருக்க. உதறல் தணிந்தவுடன் ஒருபுறமாய்ச் சாய்த்துக் கிடத்துக. கடிகாரத்தை நோக்குக, ஐந்து நிமிடம் கடப்பின், அல்லது உணர்வு மீளாது மறுமுறையும் வலிப்பு வரின், 108-ஐ அழைக்க. முழு உணர்வு வரும்வரை உடனிருக்க. இவ்வளவே. ஒரு வகுப்பு நேரத்தில் ஒரு கல்லூரி முழுவதும் கற்றுக்கொள்ளக்கூடிய பாடம் இது.

ஆதலின் இம்மலரைப் படிக்கும் மாணவத் தோழர்க்கும், ஆசிரியப் பெருமக்கட்கும், கல்லூரியை விட்டகன்று பல ஊர்களிற் பணிபுரியும் பழைய மாணவர்க்கும் என் வேண்டுகோள் ஒன்றுண்டு. ஆண்டுதோறும் கல்வியாண்டின் தொடக்கத்தில், விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் இம்முதலுதவியை எல்லார்க்கும் கற்பிக்க ஏற்பாடு செய்வோமாக. நோயுற்ற மாணவர் தம் நோயை நம்பிக்கையானவரிடம் அச்சமின்றிக் கூறக்கூடிய நிலையை உண்டாக்குவோமாக. அதன்பின்னர்க் கருவிகள் வரட்டும். இரு கை நீட்டி வரவேற்போம். காயீன் தன் சகோதரனைக் குறித்து வினவப்பட்டபோது, அவனுக்கு நான் காவலாளியோ என்னும் கருத்துப்பட விடையிறுத்தான். அவ்வினா அன்றுமுதல் இன்றுவரை விடைபெறாது நிற்கின்றது. நள்ளிரவில் ஒரு மணிக்கட்டினின்று எழும் சிற்றோசையும் அவ்வினாவையே நம்மை நோக்கி மீண்டும் வினவும். எழுந்து விளக்கேற்றி ஓடுதலே அதற்குரிய விடை. அவ்விடையைத் தரும் உள்ளத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.